கடலுக்குப் போனவன் வரவில்லை!

வீட்டுக்குள் தோண்டினார்கள். எலும்புக்கூடு வந்தது!

கடற்கரையில் ஒரு வீடு. அதில் வயதான ஒரு பெண் இருக்கிறாள். அவள் பெயர் எஸ்தர். வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வரும்படி மகன் அழைக்கிறான். அவள் வர மறுக்கிறாள். கடலுக்குப் போன கணவன் திரும்பி வருவான் என்று காத்திருக்கிறாள்.

மகனுக்குச் சந்தேகம் வருகிறது. தரையைத் தோண்டிப் பார்க்கிறான். உள்ளே எலும்புக்கூடு! அது அவனுடைய தந்தையின் எலும்புக்கூடு. போலீசார் வந்து எஸ்தரைக் கைது செய்கிறார்கள்.

கணவனை அவளே கொன்றாளா? பிணத்தை வீட்டிலேயே புதைத்துவிட்டு, வருவான் வருவான் என்று ஏன் சொல்லிக்கொண்டிருந்தாள்?

"நீர்ப்பறவை" என்ற படத்தின் கதை இது. டைரக்டர் சீனு ராமசாமி எடுத்தார். 2012-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி வெளிவந்தது. வயதான எஸ்தராக நந்திதா தாஸ் நடித்தார். இளம் வயது எஸ்தராக சுனைனா நடித்தார். கணவன் அருளப்பசாமியாக விஷ்ணு நடித்தார்.

படம் பிடித்த இடம் மணப்பாடு. தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்குத் தெற்கே உள்ள ஊர்.

குடிகாரன் மீது காதல்

அருளப்பசாமி யார்? நடுக்கடலில் கிடைத்த அகதிக் குழந்தை. ஒரு மீனவர் அவனைக் கண்டெடுத்தார். அவரும் அவர் மனைவியும் பெற்ற பிள்ளைபோல வளர்த்தார்கள். வளர்ப்புத் தாயாக சரண்யா நடித்தார்.

வளர்ந்த பிள்ளை குடிகாரன் ஆகிறான். குடிக்கக் காசு கேட்டு வீடு வீடாய் அலைகிறான். எஸ்தரிடமும் போய் நிற்கிறான். அவள் காசு கொடுக்கவில்லை. அவன் தலையில் கைவைத்து ஜெபம் செய்கிறாள்! அங்கே பிறக்கிறது காதல்.

அவன் குடியை விடுகிறான். கடலுக்குப் போய்ப் பிழைக்க நினைக்கிறான். ஊரார் தடுக்கிறார்கள். "நீ மீனவன் வீட்டில் பிறந்தவன் அல்ல" என்பது அவர்கள் வழக்கு. படகு கட்டும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் அவனுக்குத் துணை நிற்கிறார். சமுத்திரக்கனி அந்த வேடத்தில் வருகிறார். படகு தயாராகிறது. கல்யாணமும் நடக்கிறது.

ஒருநாள் கடலுக்குப் போனவன் குண்டு பட்டுச் சாகிறான். வளர்த்த தந்தை உடலைக் கண்டுபிடித்து, யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுவருகிறார். வீட்டுக்குள்ளேயே புதைக்கிறார்கள்.

போலீசில் ஏன் சொல்லவில்லை என்று எஸ்தரைக் கேட்கிறார்கள். சொன்னால் என்ன நடந்திருக்கும்? அதுதான் அவளுடைய எதிர்க்கேள்வி. அதற்குப் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை.

இது வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. இந்தியாவும் இலங்கையும் 1974-ல் ஓர் ஒப்பந்தம் செய்தன. 1976-ல் இன்னொன்று செய்தன. அவற்றின்படி கடலில் எல்லைக்கோடு வந்தது. முதல் ஒப்பந்தம் பாக் நீரிணைக்கு. இரண்டாவது ஒப்பந்தத்தில் மன்னார் வளைகுடாவும் சேர்ந்தது. தண்ணீரில் கோடு கண்ணுக்குத் தெரியுமா? மீனுக்கு அது தெரியாது. வலை இழுக்கிறவனுக்கும் இருட்டில் தெரியாது. குண்டு பட்டு இறந்த தமிழக மீனவர்கள் பலர்.

ஏழு ஆண்டுக் காத்திருப்பு

எஸ்தருக்குக் கணவனின் உடலாவது கிடைத்தது. அதுகூடக் கிடைக்காத பெண்கள் உண்டு.

அந்தப் படம் வெளிவந்து சரியாக 5 ஆண்டு ஆனது. 2017 நவம்பர் 30. ஒகி புயல் கன்னியாகுமரிக் கடலில் வீசியது. ஆழ்கடலில் தொழிலுக்குப் போயிருந்த கன்னியாகுமரி, கேரள மீனவர்கள் அதில் சிக்கினார்கள். கரையில் பெண்கள் நாள் கணக்கில் நின்றார்கள். சிலருடைய உடல் வந்தது. சிலருடைய உடல் வரவே இல்லை.

உடல் இல்லாவிட்டால் சட்டம் என்ன சொல்கிறது? காணாமல் போனவரைப் பற்றி 7 ஆண்டு எந்தத் தகவலும் வராவிட்டால்தான், அவர் இறந்தவராகக் கருதப்படுவார். அதுவரை அவர் மனைவி விதவையும் அல்ல. சுமங்கலியா என்றால், அதற்கும் பதில் இல்லை. தாலியைக் கழற்றுவதா, வேண்டாமா? பிள்ளையின் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் தகப்பன் பெயருக்கு முன்னால் என்ன எழுதுவது?

ஒகி புயலுக்குப் பிறகு தமிழக அரசும் கேரள அரசும் அந்த 7 ஆண்டுக் கணக்கைப் பார்க்கவில்லை. காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கும் 20 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று அறிவித்தன. பணம் வந்தது. ஆனாலும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கும் வழக்கம் போகுமா?

மணப்பாட்டில் மணிரத்னம்

மணப்பாட்டில் கடலை ஒட்டி மணல் குன்று ஒன்று இருக்கிறது. அதன்மேல் திருச்சிலுவைக் கோவில். 1581-ல் எழுந்த கோவில் அது. 1542-ல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகையும் அங்கே இருக்கிறது. ஆண்கள் கடலுக்குப் போவார்கள். பெண்கள் பனை ஓலையில் பெட்டி முடைவார்கள்.

"நீர்ப்பறவை" வந்த இரண்டே மாதத்தில், அதே மணப்பாட்டில் எடுத்த இன்னொரு படம் வந்தது. அதுதான் மணிரத்னத்தின் "கடல்". 2013 பிப்ரவரியில் வெளியானது. கதை ஜெயமோகன். இசை ஏ.ஆர்.ரகுமான். "நீர்ப்பறவை"க்கும் வசனத்தில் ஜெயமோகனின் கை உண்டு.

"கடல்" படத்தின் தொடக்கத்தில் ஒரு தாய் சாகிறாள். ஊர் ஒதுக்கி வைத்த பெண் அவள். அவள் உடலை ஊரார் மதிப்பில்லாமல் புதைக்கிறார்கள். அவளுடைய சிறு மகன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பெற்ற தகப்பன் அதே ஊரில் இருக்கிறான். ஆனால் மகன் என்று சொல்ல மாட்டான். ஒரு பாதிரியார்தான் அவனை ஆளாக்குகிறார். அந்தப் பையன் வளர்ந்து, குழந்தை மனம் கொண்ட ஒரு பெண்ணைக் காதலிக்கிறான்.

கதாநாயகனாக நடித்த கவுதம் கார்த்திக், நடிகர் கார்த்திக்கின் மகன். கதாநாயகி துளசி, நடிகை ராதாவின் மகள். கார்த்திக்கும் ராதாவும் 1981-ல் "அலைகள் ஓய்வதில்லை" படத்தில் கடலோரக் காதலர்களாக அறிமுகமானவர்கள். பெற்றோரும் கடற்கரையில் காதலித்தார்கள், பிள்ளைகளும் கடற்கரையில் காதலித்தார்கள் என்று அப்போது வேடிக்கையாகப் பேசிக்கொண்டார்கள்.

பாட்டுகள் ஓடின. படம் ஓடவில்லை. ஆனால் அந்தத் தாயின் சாவுக் காட்சி ஒன்றுக்காகவே அதைப் பார்க்கலாம்.

பெண் மீது பழி

கடலோரக் காதல் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது "செம்மீன்". மலையாளப் படம். 1965-ல் ராமு காரியாட் எடுத்தார். ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் பெற்றது.

கணவன் கடலில் இருக்கும்போது கரையில் மனைவி கற்பு தவறினால், கடல் தாய் அவனைக் கொண்டுபோய்விடுவாள். இந்த நம்பிக்கைதான் அந்தக் கதையின் ஆணிவேர். படம் அருமையான படம்தான். ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். கடலில் செத்த ஒவ்வொருவனின் மனைவி மீதும் அல்லவா இந்த நம்பிக்கை பழி போடுகிறது? புயலுக்கும் அவள்தான் காரணமா?

"நீர்ப்பறவை" அந்தப் பழியைத் துடைத்தது. அங்கே கணவனைக் கொன்றது கடல் அல்ல, துப்பாக்கி.

"செம்மீ"னுக்கு இசை அமைத்தவர் சலில் சவுத்ரி. வங்காளத்துக்காரர். 1960-ல் வந்த "கங்கா" என்ற வங்காளப் படத்துக்கும் அவர்தான் இசை. அதுவும் மீனவர் கதையே. வங்காளத்தில் கடலை விட ஆறுதான் பெரிது. அங்குள்ள கிராமத்துக் காதலையும் கஷ்டத்தையும் சொன்ன படங்களில், 1973-ல் ரித்விக் கட்டக் எடுத்த படம் ஒன்று தனியாக நிற்கும். "தித்தாஸ் என்பது ஒரு நதியின் பெயர்" என்று அதன் தலைப்புக்குப் பொருள்.

கல்யாணமான புதிதில் மனைவியைப் படகில் அழைத்து வருகிறான் கிஷோர். இரவில் கொள்ளைக்காரர்கள் அவளைத் தூக்கிப் போகிறார்கள். அவனுக்குப் பைத்தியம் பிடிக்கிறது. அவள் தப்பிப் பிழைக்கிறாள். கணவன் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. ஊர்ப் பெயர் மட்டும் தெரியும். பல ஆண்டு கழித்து, மகனைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த ஊருக்கு வருகிறாள். பக்கத்தில் திரியும் பைத்தியக்காரன்தான் தன் கணவன் என்று தெரியாமலே அவனுக்குப் பணிவிடை செய்கிறாள்! ஒருவரை ஒருவர் அடையாளம் காணும்போது சாவு வந்துவிடுகிறது.

கடைசியில் அந்த நதியும் வற்றுகிறது. மீனவர் பிழைப்பும் அதோடு போகிறது. இந்தக் கதையை நாவலாக எழுதிய அத்வைத மல்லபர்மனும் அந்த மீனவ வகுப்பில் பிறந்தவர்தான்.

நதி வற்றியதுபோலத் தூத்துக்குடியிலும் ஒன்று வற்றியது. அது முத்து.

மச்சான் கையில் கயிறு

சங்க காலத்துக் கொற்கை முதல் பேர்பெற்றது இந்தக் கரையின் முத்து. சிப்பி கிடக்கும் கடலடிப் பாறைக்குப் "பார்" என்று பெயர். முத்துக் குளிக்கும் காலத்துக்கு "முத்துச் சிலாபம்" என்று பெயர்.

முத்துக் குளிப்பவர் ஒரு கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்குவார். 8 பாகம் ஆழம் என்றால் சுமார் 48 அடி. மூச்சை அடக்கி, ஏறக்குறைய ஒரு நிமிடம் சிப்பிகளை அள்ளுவார். மூச்சு முட்டினால் கயிற்றை அசைப்பார். மேலே படகில் இருப்பவர் உடனே இழுக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் உயிர் போய்விடும்!

அந்தக் கயிற்றை யார் கையில் கொடுப்பது? மனைவியின் சகோதரன் கையில் கொடுப்பார்களாம். மச்சான்தான் கயிறு பிடிக்க வேண்டும். தங்கையின் தாலி தன் கையில் இருக்கிறது என்று நினைப்பவன், கண் இமைக்க மாட்டான் அல்லவா! இந்தக் கரையில் வழிவழியாகச் சொல்லும் செய்தி இது.

கரையில் நிற்கும் பெண்ணின் காதலும் கவலையும் அந்தக் கயிற்றில் இருந்தன. பாடுபட்ட பலன் எவ்வளவு? வெள்ளைக்காரர் காலத்தில், எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்குதான் குளித்தவர்களுக்கு. மீதி சர்க்காருக்கு.

தூத்துக்குடியில் கடைசி முத்துச் சிலாபம் 1961-ல் நடந்தது. அதற்குப் பிறகு சிப்பி போதவில்லை; சிலாபம் நடக்கவில்லை. 1967-ல் கே.பாலசந்தரின் "அனுபவி ராஜா அனுபவி" வந்தது. அதில் நாகேசுக்குத் தூத்துக்குடிப் பேச்சில் ஒரு பாட்டு. முத்துக் குளிக்க அழைக்கும் பாட்டு. பட்டிதொட்டி எல்லாம் பாடினார்கள். அப்போது முத்துக் குளிப்பு நின்று 6 ஆண்டு ஆகியிருந்தது!

சினிமாவில் முத்துக் குளிப்பவர் பாட்டோடு சரி. மச்சானையும் கயிற்றையும் வைத்து ஒரு முழுப்படம் எடுத்தால் எப்படி இருக்கும்!

முத்துப் போனாலும் சங்கு இருக்கிறது. தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்கள் இன்றும் கடலில் இறங்குகிறார்கள். கல் போய்விட்டது. படகில் உள்ள இயந்திரத்திலிருந்து ரப்பர் குழாய் வழியாகக் காற்று போகிறது. குழாய் மடங்காமல், அறுபடாமல் பார்த்துக்கொள்ள, மேலே ஒருவர் தண்ணீரையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.