ஒரு தளத்துக்கு இணைப்புக் கொடுப்பவர்கள் யார்? எப்படி அறிவது?

பிற தளங்களிலிருந்து ஒரு தளத்துக்கு வரும் இணைப்புகளே பின்னிணைப்புகள். கூகுள் நிறுவனர்களான லாரி பேஜும் செர்ஜி பிரினும் 1998-இல் விளக்கிய, பக்கங்களைத் தரவரிசைப்படுத்தும் பேஜ்ரேங்க் முறை, அவற்றைப் பரிந்துரைகளாகக் கொண்டது. மதிப்புள்ள பக்கத்தின் பரிந்துரைக்கு எடை அதிகம். ஆகவே எண்ணிக்கையைவிட, இணைப்பவர் யார் என்பதே முக்கியம்.

எப்படிப் பார்ப்பது? கூகுளின் பழைய ‘லிங்க்’ கட்டளை இப்போது பயன்படாது. தள முகவரியை மேற்கோள் குறிக்குள் இட்டு, கழித்தல் குறியோடு ‘சைட்’ கட்டளையில் அதே முகவரியைச் சேர்த்துத் தேடுங்கள். சொந்தப் பக்கங்கள் விலகி, முகவரியைக் குறிப்பிடும் பிற தளங்கள் தெரியும். ஆனால் சொற்களுக்குப் பின்னால் மறைந்த இணைப்புகள் இதில் சிக்காது.

உங்கள் தளமென்றால், கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோலின் ‘லிங்க்ஸ்’ அறிக்கையைப் பாருங்கள். பிறர் தளத்துக்கு ஏரெஃப்ஸ், மெஜஸ்டிக் போன்ற கருவிகள் உண்டு. ஒவ்வொன்றும் தனித்தனியே இணையத்தை அலசுவதால் எண்ணிக்கை மாறும், ஒப்பிட்டே முடிவுசெய்யுங்கள்.