கை கால் விழுந்துவிட்டால் கடிகாரத்தைப் பாருங்கள்!



"காத்து அடிச்சிருச்சு", "கை கால் இழுத்துக்கிச்சு", "ஒரு பக்கம் விழுந்துருச்சு" என்று நம் ஊர்களில் பக்கவாதத்துக்குப் பல பெயர்கள் உண்டு. பெயர் எதுவானாலும், காத்துக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இல்லை. இது கை காலில் வந்த நோயும் இல்லை, மூளையில் வரும் நோய். அது புரிந்தால்தான் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது விளங்கும்.

2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 1 கோடியே 19 லட்சம் பேருக்குப் புதிதாகப் பக்கவாதம் வந்தது. அந்த ஆண்டில் இதனால் இறந்தவர்கள் சுமார் 73 லட்சம் பேர். அதில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர நாட்டு மக்கள். பிழைத்த வீட்டிலும் கஷ்டம் தீர்வதில்லை. படுத்தவரின் கூலி போகிறது. அவரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் கூலியும் சேர்ந்து போகிறது. மாட்டை விற்று, தோட்டை அடகு வைத்து, கடைசியில் கந்துவட்டிக்காரர் வாசலில் போய் நிற்கிறோம். குழுவில் சேமித்து மீண்டு வந்த குடும்பம் மறுபடி கடனில் விழுகிறது. அதனால்தான் இதைக் குழுக் கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம் என்கிறோம்.

பக்கவாதம் எப்படி வருகிறது?

வயலுக்குத் தண்ணீர் போகும் வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அடைத்துக்கொண்டால் கடைமடைப் பயிர் வாடும். கரை உடைந்தால் தண்ணீர் வெளியே பாய்ந்து பயிரை மூழ்கடிக்கும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயிலும் இதுதான் நடக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு ரத்தம் கட்டியாகி அடைத்துக்கொள்கிறது. சிலருக்குக் குழாய் வெடித்து ரத்தம் கசிகிறது. அடைப்பு ஏற்பட்டால் நிமிடத்துக்கு சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன என்று மருத்துவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

திடீரென்று வருவதுதான் முக்கிய அடையாளம்.

• சிரிக்கச் சொல்லுங்கள். வாய் ஒரு பக்கம் கோணுகிறதா?
• இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள். ஒரு கை கீழே இறங்குகிறதா?
• பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். பேச்சு குழறுகிறதா?
• திடீரென்று பார்வை மங்குகிறதா, நடை தள்ளாடுகிறதா, இதுவரை வராத அளவு தலைவலியா?

இதில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் 108-க்கு போன் செய்யுங்கள். கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் விட்டுவிடக் கூடாது. அது பெரிய பக்கவாதம் வருவதற்கான எச்சரிக்கையாக இருக்கலாம்.

நாலரை மணி நேரம்

அடைப்பைக் கரைக்க ஊசி மருந்து இருக்கிறது. நோய் ஆரம்பித்த நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு பலன். ஆனால் ரத்தம் கசிந்தவருக்கு இந்த ஊசியைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. அடைப்பா, கசிவா என்று சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதனால் ஸ்கேன் இல்லாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் நேரம் வீணாகிவிடும். 108-ல் வருபவர்களிடம், "பக்கவாதம் மாதிரி தெரியுது, ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

எத்தனை மணிக்கு வந்தது என்று பார்த்து வையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். தூங்கி எழும்போதே கை கால் வரவில்லை என்றால், கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைச் சொல்ல வேண்டும். நேரம் கடந்துவிட்டாலும் போகாமல் இருக்கக் கூடாது. வேறு சிகிச்சைகள் இருக்கின்றன.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

வாயில் தண்ணீர், சோடா, காபி எதுவும் ஊற்றாதீர்கள். விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். பக்கத்து வீட்டு பி.பி. மாத்திரையோ வேறு மாத்திரையோ கொடுக்காதீர்கள். புறா ரத்தம் தடவுவது, மந்திரிப்பது, எண்ணெய் தேய்ப்பது என்று இருக்கிற நேரத்தில்தான் அந்த நாலரை மணி நேரம் போய்விடுகிறது.

பெரிய டாக்டர் இல்லாத ஊரில் என்ன வழி?

நரம்பியல் மருத்துவர்கள் பெரும்பாலும் பெரிய நகரங்களில்தான் இருக்கிறார்கள். இமாச்சலப் பிரதேசம் மலைப்பகுதி, அங்கே இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். 2014-இல் அங்கே ஒரு வழி கண்டார்கள். ஸ்கேன் வசதியுள்ள அரசு மருத்துவமனைகளில் இருக்கும் பொது மருத்துவர்கள், ஸ்கேன் படத்தை ஸ்மார்ட்போனில் நரம்பியல் மருத்துவருக்கு அனுப்பி, அவர் சொல்கிறபடி ஊசி போட்டார்கள். விலை அதிகமுள்ள அந்த மருந்தை அரசே இலவசமாகக் கொடுத்தது. அசாம் மாநிலம் திப்ருகரில் ஸ்கேன் பொருத்திய வண்டியே நோயாளியைத் தேடிப் போகும்படி செய்திருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் விலை உயர்ந்த மிஷின்தான் வேண்டும் என்பதும் இல்லை. பக்கவாத நோயாளிகளைத் தனிப்பிரிவில் வைத்து, பயிற்சி பெற்ற செவிலியர்கள் காய்ச்சல், சர்க்கரை, விழுங்கும் திறன் இவற்றைக் கவனமாகப் பார்த்துக்கொண்டாலே பல உயிர்கள் பிழைக்கின்றன. நம் மாவட்ட மருத்துவமனையில் அப்படிப் பிரிவு இருக்கிறதா என்று கேட்பது நம் உரிமை.

வீட்டுக்கு வந்த பிறகு

படுக்கையில் இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள். உட்கார வைத்தே சாப்பாடு கொடுங்கள். விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள் மூட்டு நழுவும்.

"பயிற்சியை வீட்டுப் பொம்பளைங்களே குடுத்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டால் போதுமா? இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். முடிவு 2017-இல் வெளியானது. குடும்பத்தாருக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்த வீடுகளிலும், சொல்லாத வீடுகளிலும் ஆறு மாதம் கழித்துப் பெரிய வித்தியாசம் இல்லை. அதற்காக வீட்டுக் கவனிப்பு வீண் என்று அர்த்தமில்லை. எல்லாப் பாரத்தையும் வீட்டுப் பெண் தலையில் வைத்தால் சரியாகாது, பயிற்சி பெற்றவரின் உதவியும் தொடர்ந்து வேண்டும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடி வந்து பி.பி., சர்க்கரை மாத்திரையோடு இயன்முறைப் பயிற்சியும் கொடுக்க வகை செய்தார்கள். அதில் வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற குழுக்களில் இருந்து வந்தவர்கள்தான். கூச்சப்படாமல் கேளுங்கள்.

வராமல் தடுக்க

பக்கவாதத்துக்கு முதல் காரணம் ரத்தக்கொதிப்பு. அது 140/90-க்கு மேல் இருந்தாலும் வலிக்காது, ஒன்றும் தெரியாது. "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து. மாத்திரை சாப்பிடுவதால்தான் நன்றாக இருக்கிறது! ஊறுகாய், அப்பளம், கருவாடு குறையுங்கள். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன் உப்புக்குள் இருக்கட்டும். வெற்றிலையோடு புகையிலை, மூக்குப்பொடி, பீடி வேண்டாம். பிரசவமான பெண்ணுக்குத் தண்ணீர் கொடுக்காமல் வைப்பதை நிறுத்துங்கள். உடம்பில் நீர் வற்றினால் மூளையில் ரத்தம் உறைய வாய்ப்பு உண்டு. பச்சை உடம்புக்காரிக்குக் கடும் தலைவலியோ வலிப்போ வந்தால் அதுவும் அவசரம்தான்.

அடுத்த கூட்டத்தில் நாம் செய்ய வேண்டியவை

1. நம் ஊருக்குப் பக்கத்தில் 24 மணி நேரமும் சிடி ஸ்கேன் எடுக்கும் அரசு மருத்துவமனை எது என்று கிராம செவிலியரிடம் விசாரித்து, தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.
2. 30 வயது தாண்டிய எல்லா உறுப்பினருக்கும், வீட்டு ஆண்களுக்கும் பி.பி. பாருங்கள்.
3. இரவு நேரத்திலும் கையில் கிடைக்கும்படி அவசரக் கடனுக்கு ஒரு சிறு தொகை யாரிடம் இருக்க வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள்.
4. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாதவர் யார் என்று பார்த்து எடுத்துக் கொடுங்கள்.

வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால் 108. நம் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுப்போம். வீட்டில் அந்த நேரத்தில் இருப்பது அவர்கள் மட்டுமாகவும் இருக்கலாம்.