வீட்டுக்கு விலையா, மண்ணுக்கு விலையா?

தியாகதுருகத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். கோட்டை மலை கண்ணில் படும்படி அமைந்தது அவர் பிறந்த வீடு. மாடி கிடையாது. நீளத் திண்ணை, நாட்டு ஓடு, நடுவே முற்றம், பின்னால் கிணறும் மாமரங்களுமாகப் பெரிய தோட்டம். அப்பா காலமான பிறகு அண்ணன்மார் அதை விற்கத் தீர்மானித்து விட்டார்களாம். வாங்க வந்தவரோ வீட்டுக்குள் காலே வைக்கவில்லை. தோட்டத்தை மட்டும் காலடியால் அளந்து, சென்ட் இத்தனை என்று பேசிவிட்டுப் போய்விட்டாராம்! "அப்பா பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டுக்கு விலையே இல்லையா?" என்று கேட்கிறார்.

படித்ததும் எனக்குச் சென்னை அடையாறு ஞாபகம் வந்தது. நேயர்களே, நீங்களும் கொஞ்சம் என்னோடு வாருங்கள்.

1882-ஆம் வருஷம். ஆற்றங்கரையில் ஹடில்ஸ்டன் தோட்டம் என்ற பங்களா விலைக்கு வந்தது. 27 ஏக்கர் நிலம். பெரிய மாளிகை, கரையோரம் இரண்டு சின்ன பங்களாக்கள், குதிரை லாயம், குளிக்கும் தொட்டி, பழைய மாமரங்களும் ஆலமரங்களும் நிழல் தரும் சாலை, சவுக்குத் தோப்பு. எல்லாம் சேர்ந்து சுமார் 9,000 ரூபாய்! கட்டடத்தை இடித்தால் தேறக்கூடிய பழைய சாமான்களின் விலைதான் அது என்று வாங்கியவரே பிற்பாடு எழுதியிருக்கிறார்.

அத்தனை மலிவு எப்படி? ரயில் செய்த வேலை! நீலகிரி அடிவாரம் வரை ரயில் வந்துவிட்டதால், சென்னையிலிருந்து ஊட்டி ஒரு நாள் பிரயாணமாகிவிட்டது. பெரிய துரைமார்கள் வருஷத்தில் பாதியை மலையிலே கழிக்க ஆரம்பித்தார்கள். சென்னைப் பங்களாக்களைக் கேட்பாரில்லை.

அந்தச் சமயத்தில்தான் பிரம்மஞான சபையின் மேடம் பிளாவட்ஸ்கியும் கர்னல் ஆல்காட்டும் மே 31-ந் தேதி அதைப் பார்த்தார்கள். பார்த்த மாத்திரத்தில் இதுதான் நம் வீடு என்று முடிவு செய்துவிட்டார்கள். கையில் பணமா இருந்தது? சென்னை நண்பர்கள் கடன் ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். டிசம்பரில் பம்பாயிலிருந்து ஜாகை மாற்றி வந்தாயிற்று. குடியிருக்க வந்தவர்கள் ஆனதால் மரங்களும் பிழைத்தன. தோட்டம் வளர்ந்து 250 ஏக்கரையும் தாண்டி, இன்றும் சபையின் தலைமையகமாக இருக்கிறது.

தியாகதுருகத்தில் கதை தலைகீழ். சேலம்–உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலை ஊரைத் தொட்டுப் போகிறது. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவும் ஆகிவிட்டது. அடையாற்றில் பாதை வந்து விலையை இறக்கியது; இங்கே ஏற்றுகிறது. மனை பிரிக்க வருகிறவருக்கு உங்கள் முற்றமும் திண்ணையும் இடிக்க வேண்டிய செலவுக் கணக்குதான், அம்மா. அவரிடம் வீட்டுக்கு விலை கேட்டுப் பயனில்லை. குடியிருக்க ஆசைப்படுகிறவர் கிடைக்கிறாரா என்று ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

"நான் சொன்னால் கேட்பார்களா?" என்பீர்கள். கேட்டுத்தான் ஆக வேண்டும்! அப்பா சுயமாகச் சம்பாதித்துக் கட்டிய வீடு, உயிலும் எழுதவில்லை என்றால், 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. கல்யாணமாகிப் போனாலும் அது போகாது. உங்கள் கையெழுத்தில்லாமல் உங்கள் பங்கை விற்க முடியாது. வெற்றுத் தாளில் மட்டும் போட்டுவிடாதீர்கள். பத்திர நகலை ஒரு வக்கீலிடம் காட்டிய பிறகு பேனாவைத் திறக்கலாம்.

அதற்குள் மாங்காய் காலம் வந்துவிட்டால், ஊறுகாய்க்கு இந்தப் பக்கமும் ஒரு கூடை அனுப்பி வையுங்கள்!