களமும் தீர்ப்பும் – 9: லாபிக்குள் வைத்த கால்

விளையாட்டுக் களத்தில் நடுவரின் தீர்ப்பை எதிர்த்து எழும் வழக்குகள் இரு வகைப்படும். பந்து மட்டையில் பட்டதா, கால் கோட்டைத் தாண்டியதா என்று நடந்ததைப் பற்றி எழுவது ஒரு வகை. நடந்ததை இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பின்னும், அதற்கு எந்த விதி பொருந்தும் என்று எழுவது மற்றொரு வகை. ஒளிப்பதிவை மீண்டும் ஓடவிட்டுப் பார்த்துத் தீர்ப்பை உறுதி செய்யவோ மாற்றவோ வழி செய்யும் ‘ரிவ்யூ’ என்னும் மறுபரிசீலனை முறை முதல் வகை வழக்குகளுக்காகவே பிறந்தது. இரண்டாம் வகையில் அது எவ்வளவு கையறு நிலையில் நிற்கும் என்பதற்கு, 2023 அக்டோபர் 7 அன்று சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஆடவர் கபடி இறுதி ஆட்டத்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

முதல் வகைக்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. 1986 செப்டம்பர் 22 அன்று சென்னைச் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட் ஆட்டத்தின் ஐந்தாம் நாளில், வெற்றிக்கு 348 ஓட்டங்கள் தேவைப்பட்ட இந்திய அணி 347 எடுத்து ஒரே ஒரு விக்கெட்டைக் கையில் வைத்திருந்தபோது, கடைசி ஓவரின் ஐந்தாம் பந்து மணிந்தர் சிங்கின் காலில் பட்டது, நடுவர் வி. விக்ரம்ராஜு விரலை உயர்த்தினார். டெஸ்ட் வரலாற்றில் இரண்டாம் முறையாக ஓர் ஆட்டம் சமனில் முடிந்தது. பந்து முதலில் தம் மட்டையில் உரசியது என்று மணிந்தர் பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார். முறையிடுவதற்கு அன்று மூன்றாம் நடுவரும் இல்லை, மறுபரிசீலனையும் இல்லை. விக்ரம்ராஜு அதற்குப் பிறகு எந்த டெஸ்ட் ஆட்டத்திலும் நடுவராக நிற்கவில்லை.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1992 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், தொலைக்காட்சிப் பதிவைப் பார்த்து மூன்றாம் நடுவர் அளித்த தீர்ப்பால் வெளியேறிய முதல் ஆட்டக்காரர் ஆனார் சச்சின் டெண்டுல்கர். நடுவரின் தீர்ப்பை எதிர்த்து ஆட்டக்காரரே முறையிடும் ‘டிஆர்எஸ்’ முறை 2008இல் இலங்கையில் இந்திய அணி ஆடிய தொடரில்தான் முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டது. அதில் பெற்ற கசப்பால் இந்தியக் கிரிக்கெட் வாரியம் இரு நாட்டுத் தொடர்களில் அதை ஏற்காமல் இழுத்தடித்து, 2016இல்தான் இறங்கிவந்தது. வாரியத்தின் முரண்டு பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம் என்றாலும், அந்தச் சண்டை முழுவதும் பந்து எங்கே போயிருக்கும் என்பதைப் பற்றிய முதல் வகைச் சண்டையே.

கபடிக்கு வருமுன் அதன் களத்தைப் பார்த்துவிட வேண்டும். ஆடவருக்கான களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. நீளவாட்டில் இரு ஓரங்களிலும் ஒரு மீட்டர் அகலத்துக்கு ஓடும் பட்டைக்கு ‘லாபி’ என்று பெயர். எதிர்க்களத்துக்குப் பாடிச் செல்பவர், அதாவது ரெய்டர், எதிரணியினர் எவரையேனும் தொடும் வரையில் அல்லது அவரை எவரேனும் தொடும் வரையில், இந்தப் பட்டை ஆட்ட எல்லைக்கு வெளியே இருப்பதாகக் கொள்ளப்படும். உடலோடு உடல் பட்ட நொடியிலேயே அது எல்லைக்குள் வந்துவிடும். ஒரே நிலம் ஒரு நொடியில் வெளியாகவும் மறுநொடியில் உள்ளாகவும் மாறுவதால், கபடி நடுவர் காலையும் கையையும் ஒருசேரப் பார்த்தாக வேண்டியிருக்கிறது. முப்பது நொடிக்குள் முடியும் ஒரு பாட்டில் ஏழு பேரின் பதினான்கு கால்களும் எங்கெங்கே இருந்தன என்று சொல்வது எந்த மனிதக் கண்ணுக்கும் எளிதன்று.

செங்கல்பட்டு மாவட்டத்தில் பாலாற்றுக்குத் தெற்கே, படாளம், கருங்குழி, மதுராந்தகம் வட்டாரத்து ஊர்களில் பொங்கலையொட்டி நடக்கும் கபடிப் போட்டிகளில் இந்தச் சிக்கலை மண்ணே ஓரளவு தீர்த்துவைத்தது. தண்ணீர் தெளித்துப் பதமாக்கிய தரையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டிருக்கும்போது, கோட்டை மிதித்தவரின் உள்ளங்காலில் வெள்ளை ஒட்டிக்கொள்ளும். லாபிக்குள் ஊன்றிய கால் பெருவிரலோடு தடம் பதிக்கும். நடுவர் விசிலை ஊதிவிட்டுக் குனிந்து தடத்தைப் பார்ப்பார். ஆட்டம் சூடேறிக் கோடே கலைந்துபோன பிறகு இந்தச் சாட்சியும் கலைந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் இன்று பெரிய போட்டிகள் நடக்கும் ரப்பர் விரிப்பில் தொடக்கத்திலிருந்தே தடம் விழுவதில்லை. தடம் பார்க்கும் வேலையை ஒளிப்பதிவு ஏற்றுக்கொண்டது.

ஹாங்சோ இறுதி ஆட்டத்தில் இந்தியாவும் ஈரானும் 28–28 என்று சமனில் இருக்க, ஆட்டம் முடிய ஒரு நிமிடம் சொச்சமே இருந்த நிலையில், இந்திய அணித் தலைவர் பவன் செராவத் பாடிச் சென்றார். அது ‘டூ ஆர் டை’ எனப்படும் பாட்டு. தொடர்ந்து இரு முறை புள்ளியின்றித் திரும்பிய அணி மூன்றாம் முறையும் வெறுங்கையோடு திரும்பினால், பாடியவர் ஆட்டமிழப்பார். செராவத் எவரையும் தொடாமலேயே லாபிக்குள் கால் வைத்தார். அவரைப் பிடிக்கும் வேகத்தில் ஈரானியத் தடுப்பாட்டக்காரர்களும் பின்தொடர்ந்து லாபிக்குள் பாய்ந்தனர். நடந்தது இவ்வளவே. இதில் ஒளிப்பதிவு எதையும் மறைக்கவில்லை.

எவரையும் தொடாமல் லாபிக்குள் சென்ற ரெய்டர் ஆட்டமிழப்பார் என்பதோடு, அவரைத் தொடர்ந்து சென்ற தடுப்பாட்டக்காரர்களும் எல்லை தாண்டியவர்களாகி ஆட்டமிழப்பார்கள் என்பது சர்வதேசக் கபடியில் இருந்துவந்த பழைய விதி. அதன்படி இந்தியாவுக்கு 4 புள்ளிகள், ஈரானுக்கு 1. ரெய்டர் லாபியை மிதித்த நொடியிலேயே ஆட்டம் உயிரிழந்துவிடுகிறது, அதன் பிறகு பாய்ந்த எல்லோருமே ஆட்டமிழப்பதில்லை என்பது புரோ கபடி லீக் வழியாகப் பரவிய புதிய விதி. அதன்படி இரு தரப்புக்கும் ஒவ்வொரு புள்ளி. முதல் கணக்கில் ஆட்டம் 32–29, இரண்டாம் கணக்கில் 29–29. நடுவர்கள் ஒரு தீர்ப்பைச் சொல்லி, இந்தியா எதிர்த்ததும் அதை மாற்றி, ஈரான் எதிர்த்ததும் மீண்டும் மாற்ற, இரு அணியினரும் விரிப்பின்மீது அமர்ந்து போராட, ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றுபோனது. முடிவில் பழைய விதியே செல்லும் என்று அறிவிக்கப்பட்டு, இந்தியா 33–29 என்ற கணக்கில் தங்கம் வென்றது. 1990இல் பெய்ஜிங்கில் கபடி சேர்க்கப்பட்டதிலிருந்து 2014 வரை ஏழு தங்கங்களையும் அள்ளி, 2018இல் ஜகார்த்தாவின் அரையிறுதியில் இதே ஈரானிடம் 18–27 எனத் தோற்றிருந்த அணிக்கு, இது எட்டாவது தங்கம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2014இல் இந்தியாவில் தொடங்கி, கபடியைத் தொலைக்காட்சி ஆட்டமாக மாற்றிய புரோ கபடியின் விதியை ஈரான் தன் துணைக்கு அழைக்க, அந்த லீக்கின் தாய்நாடு அதை ஏற்க மறுத்தது. இரு அணிகளிலும் முக்கியமான ஆட்டக்காரர்கள் அந்த லீக்கில் ஒன்றாக ஆடியவர்கள்; இரண்டு விதிகளையும் அறிந்தவர்கள். தங்களுக்குச் சாதகமானதை இரு தரப்பும் கேட்டதில் வியப்பில்லை. ஓர் இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், இந்தப் போட்டியில் செல்லுபடியாகும் விதி எது என்பதை நடுவர்களாலேயே ஒரே குரலில் சொல்ல முடியாமற்போனதே குற்றம். அக்குற்றம் அவர்களை நியமித்தவர்களையே முதலில் சாரும்.

பணமும் கருவியும் குவிந்து கிடக்கும் நாடுகளிலும் இதே கதை நடந்திருக்கிறது. வட அமெரிக்காவின் பனி ஹாக்கி லீக்கில், ‘பக்’ எனப்படும் வட்டு கோல் வாயின்முன் வரைந்த பகுதிக்குள் நுழையுமுன் தாக்கும் அணியினரின் காலணி அங்கே இருந்தால் கோல் செல்லாது என்றொரு விதி இருந்தது. 1999 ஜூனில், ஸ்டான்லி கோப்பைக்கான இறுதித் தொடரின் ஆறாம் ஆட்டம் மூன்றாவது கூடுதல் நேரம் வரை நீண்டபோது, டல்லஸ் அணியின் பிரெட் ஹல், ஒரு காலை அப்பகுதிக்குள் வைத்தபடி பஃபலோ அணிக்கு எதிராக வெற்றிக் கோலை அடித்தார். கால் உள்ளே இருந்ததைப் படம் காட்டியது, எவரும் மறுக்கவில்லை. வட்டு தொடர்ந்து ஹல்லின் கட்டுப்பாட்டில் இருந்ததால் கோல் செல்லும் என்பது லீக்கின் விளக்கம். அந்த விளக்கத்தைக் களத்தில் எவரும் எடுத்துச் சொல்லவில்லை என்பது பஃபலோ மக்களின் மாறாத குறை. அடுத்த பருவத்துக்குள் அந்த விதியே கைவிடப்பட்டது. அமெரிக்கக் கல்லூரிப் பனி ஹாக்கியிலும் பயிற்சியாளர் தீர்ப்பை எதிர்த்து மறுபரிசீலனை கேட்கலாம். ஆனால் அங்கும் கள நடுவரின் முடிவை மாற்றுவதற்கு ஐயத்துக்கு இடமில்லாத காட்சிச் சான்று வேண்டும் என்ற நெறி கடைப்பிடிக்கப்படுகிறது. காட்சி ஐயமற்றிருந்தும் விதி ஐயத்துக்கிடமாக இருந்தால் என்ன செய்வது என்பதற்கு அந்த நெறியில் விடை கிடையாது.

ஹாங்சோ ஆட்டம் முடிந்த இரண்டாம் நாளே மும்பையில் புரோ கபடி ஏலம் தொடங்கியது. முந்தைய ஆண்டு தமிழ் தலைவாஸ் அணிக்கு வந்து முதல் ஆட்டத்திலேயே காயமுற்று வெளியேறிய செராவத்தை, தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடி ரூபாய்க்கு எடுத்தது. ஈரானின் முகமதுரேசா ஷாத்லுயி 2.35 கோடிக்குப் புனேரி பல்டன் அணிக்குச் சென்றார். ஆட்டக்காரர்களைப் பொறுத்தவரை வழக்கு அத்துடன் முடிந்தது.

ஊர்க் களங்களில் அது முடியவில்லை. புரோ கபடியைப் பார்த்து வளர்ந்த இளைஞர்கள் ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டு இறங்க, பழைய விதியில் பழகிய நடுவர் இன்னொன்றைச் சொல்ல, கோட்டோரம் நிற்பவர் கைப்பேசியில் எடுத்த காணொளியோடு களத்துக்குள் ஓடிவந்தால், அந்தக் காணொளி சண்டையைப் பெரிதாக்கவே உதவும். ஆகவே படாளம் வட்டாரத்திலும் பிற ஊர்களிலும் பொங்கல் போட்டி நடத்தும் குழுவினர் ஒரு காரியம் செய்ய வேண்டும்: லாபிக்குப் பின்பற்றப்போகும் விதி எது, கைப்பேசிக் காணொளி ஏற்கப்படுமா இல்லையா என்னும் இரண்டையும், முதல் ஆட்டத்துக்கு விசில் ஊதுமுன், இரு அணித் தலைவர்களும் கேட்க ஒலிபெருக்கியில் வாசித்துவிடுங்கள்.

(தொடரும்)