உங்களுக்குத் தெரியுமா? ஆள் குறையும் முன்னே மணி குறையும்

● அண்டியாபீசில், அதாவது முந்திரி ஆலையில், வேலை 6 நாளிலிருந்து 3 நாளாகச் சுருங்கினால், அந்தச் சேதி எந்த அறிக்கையிலும் வருவதற்கு முன் நாகர்கோவிலின் கோட்டாறு கம்போளத்துக்கு (சந்தைக்கு) வந்து சேர்ந்துவிடும். வாரக்கூலி பாதியானால் பலசரக்குக் கடையில் பற்றுதான் ஏறும். யாருக்கும் வேலை போயிருக்காது, நேரம்தான் போயிருக்கும். பொருளாதார அறிஞர்கள் உற்றுப் பார்க்கும் 'உற்பத்தித் துறையின் சராசரி வார வேலை நேரம்' சொல்வதும் இதே சேதியைத்தான்.

● ஆர்டர் குறைந்ததும் ஆலைகள் ஆளை அனுப்பிவிடுவதில்லை. முதலில் ஓ.டி. நிற்கும். பிறகு ஒரு ஷிப்ட் போகும், வாரத்தில் ஒரு நாள் சேர்த்து லீவு விடுவார்கள். அதற்கும் பிறகுதான் ஆட்குறைப்பு. தொழில் பழகிய கையை விட்டுவிட்டால் திரும்பப் பிடிப்பது கஷ்டம் என்பது எந்த முதலாளிக்கும் தெரியும். நிலைமை தேறும்போதும் இதே வரிசைதான்: இருப்பவர்களுக்கு முதலில் ஓ.டி., அப்புறம்தான் புது ஆள்.

● அமெரிக்காவில் கான்ஃபரன்ஸ் போர்டு என்ற அமைப்பு மாதந்தோறும் வெளியிடும் முன்னறிகுறிக் குறியீட்டில் 10 அங்கங்கள். பட்டியலில் முதலாவது இந்த வேலை நேரம்தான். அங்கே ஆலைத் தொழிலாளர் சுமார் 1¼ கோடிப் பேர். ஆளுக்கு வாரம் அரை மணி குறைந்தாலே 62 லட்சம் மணி நேரத்துக்கு மேல் மறைந்துவிடும். வாரத்துக்கு 40 மணி என்று வைத்தால், ஒன்றரை லட்சம் பேரின் வேலை அது. ஒருவர்கூட வீட்டுக்கு அனுப்பப்பட்டிருக்க மாட்டார்.

● 2009 மந்தத்தில் ஜெர்மனி இதையே கொள்கையாகப் பின்பற்றியது. நேரத்தைக் குறைத்தார்கள், இழந்த கூலியில் ஒரு பகுதியை அரசு ஈடுகட்டியது. பொருளாதாரம் 5 சதவீதத்துக்கு மேல் சுருங்கியும் வேலையின்மை பெரிதாக ஏறவில்லை.

● 1919-இல் உலகத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கை வார வேலை நேரத்தின் உச்சவரம்பு 48 மணி என்றது. இந்தியாவுக்கோ 60! நம் தொழிலாளிக்கு 48 மணி வாரம் கிடைக்க 1946 ஆயிற்று. 1948 தொழிற்சாலைகள் சட்டம் அதை உறுதி செய்து, மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி என்றது.

● நம் நாட்டில் வேலைவாய்ப்பை அளக்கும் காலமுறைத் தொழிலாளர் ஆய்வில் ஒரு விதி உண்டு. முந்தைய 7 நாளில் ஏதாவது ஒரு நாள் 1 மணி நேரம் வேலை பார்த்திருந்தாலும், நடப்பு வாரக் கணக்கில் நீங்கள் வேலையில் இருப்பவர். 48 மணியிலிருந்து 20 மணிக்கு இறங்கியவருக்கும் அதே பெயர்தான். வேலையின்மை விகிதத்தை மட்டும் பார்த்தால் அவர் பட்ட அடி தெரியாது.

● ஆனால் அந்த அடி ஆஸ்பத்திரி வரைக்கும் வலிக்கும். இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவித்தொகை பெற, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு 26 வாரம். வாரம் 3 நாள் வேலை என்றால் சரியாக 78. அண்டியாபீசுக்கு வேண்டிய பச்சை முந்திரிக்கொட்டையில் பெரும்பங்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது. அது தாமதமாகி இரண்டு நாள் வேலை போனால் 76. பின்னால் காய்ச்சலில் படுக்கும் முந்திரித் தொழிலாளிக்கு, பெரும்பாலும் அவர் ஒரு பெண், உதவித்தொகை கிடையாது. அந்த இரண்டு நாளை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

● தறிக்கு முன் உட்காரும் நெசவாளிக்கும், புவிசார் குறியீடு பெற்ற நாகர்கோவில் கோயில் நகை செய்பவருக்கும் வருகைப் பதிவேடு கிடையாது, உருப்படிக் கூலிதான். ஆலைப் பதிவேட்டைக் கொண்டு எடுக்கும் எந்தச் சராசரியிலும் இவர்கள் இல்லை. நூல் விலை ஏறி தறி சும்மா கிடக்கும் நாள் அந்த வீட்டுக்குத்தான் தெரியும்.

● வேலை நேரம் என்ற இந்த அளவுகோலை அப்படியே நம்பிவிடவும் கூடாது. 2012 வாக்கில் தமிழ்நாட்டு ஆலைகளில் எந்திரங்கள் நின்றதற்கு மின்வெட்டும் காரணம். ஆர்டர் இருந்தும் நேரம் குறைந்தது.

● 2025 மே மாதம் முதல் நம் நாட்டில் காலமுறைத் தொழிலாளர் ஆய்வின் வேலையின்மை விகிதம் மாதந்தோறும் வெளியாகிறது. அடுத்த முறை செய்தித்தாளில் அதைப் பார்க்கும்போது, பக்கத்து வீட்டுத் தொழிலாளியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "போன வாரம் எத்தனை நாள் வேலை இருந்துச்சு?"