கல்லூரிக் கல்வியும் அதன் செலவும்

கல்வி விலைமதிப்பற்றது என்பது யாவர்க்கும் ஒப்ப முடிந்ததே. ஆயினும், அக்கல்வியைப் பெறுதற்குச் செல்லும் பொருளுக்கு ஓர் அளவு உண்டு. அவ்வளவை முன்னரே அறியாது கல்லூரியிற் புகுந்தோர், பொருள் முட்டுற்று இரண்டாம் ஆண்டிலேயே படிப்பை இடைவிட நேர்தலும் உண்டு. அங்ஙனம் நேரின், அதுகாறும் செலவிட்ட பொருளும் போயிற்று, பட்டமும் கைகூடிற்றில்லை. ஆதலின், இச்செலவை எவ்வாறு கணக்கிடுதல் வேண்டும், இரு கல்லூரிகளின் செலவை எவ்வாறு ஒப்புநோக்குதல் வேண்டும் என்பவற்றை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

செலவு என்றவுடன் நம்மனோர்க்கு முதற்கண் நினைவில் எழுவது கட்டணமே. அக்கட்டணம் ஒரு கல்லூரியினுள்ளேயே ஒரு தன்மைத்தன்று. அரசாங்க உதவி பெறும் பிரிவில் ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கமே அளித்தலின், மாணவர் செலுத்தும் தொகை குறைவு. சுயநிதிப் பிரிவிலோ அச்சம்பளம் மாணவர் கட்டணத்தினின்றே வரவேண்டுதலின், தொகை மிகுகின்றது. ஒரே மதிலினுள் ஒரே பட்டத்திற்கு இருவகைக் கட்டணம் நிலவுதல் இக்காரணம் பற்றியே. ஆகவே, விண்ணப்பிக்குங்கால் எப்பிரிவில் இடம் என்பதைக் கேட்டறிதல் முதற்கடமையாம். பருவந்தோறும் செலுத்தும் தேர்வுக் கட்டணம், ஆய்வுக்கூடக் கட்டணம், நூல்களின் விலை முதலியனவும் இதனோடு கூட்டற்பாலன.

இனி, கட்டணம் ஒன்றனையே நோக்குதல் எத்துணைப் பிழைபடும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குவாம். சொந்த ஊரில் உள்ள கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் ரூ. 30,000 என்றும், தொலைவிலுள்ள கல்லூரியில் ரூ. 6,000 என்றும் கொள்வோம். மேலெழுந்தவாரியாக நோக்குவார்க்குத் தொலைவிலுள்ளதே ரூ. 24,000 மலிவாகத் தோன்றும். ஆனால், ஆண்டில் பத்துத் திங்கள் விடுதியில் தங்கி உண்ண, திங்களுக்கு ரூ. 4,000 வீதம் ரூ. 40,000 வேண்டும், ஊருக்கு வந்து செல்ல ரூ. 4,000 வேண்டும். ஆகத் தொலைவிலுள்ள கல்லூரிக்கு ஆவது ரூ. 50,000. ஊரிலுள்ள கல்லூரிக்கோ, திங்களுக்கு ரூ. 600 பேருந்துச் செலவு சேர்த்து ரூ. 36,000 மட்டுமே. இப்பொழுது ஊர்க் கல்லூரியே மலிவாயிற்று.

கணக்கு இவ்வளவில் முடிந்ததோ எனின், அன்று. வீட்டிலிருந்து படிப்பவனும் உண்ணத்தான் வேண்டும். அவ்வுணவிற்குத் திங்களுக்கு ரூ. 2,000 எனக் கொள்ளின், பத்துத் திங்கட்கு ரூ. 20,000 கூடி, ஊர்க் கல்லூரியின் செலவு ரூ. 56,000 ஆகின்றது. படிப்பவர் பெண்ணாயின் கணக்கு மீண்டும் மாறும். 2021-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்டிர்க்குக் கட்டணம் இல்லாமையின், அப்பேருந்திலேயே அவள் சென்றுவருவாளாயின் ரூ. 6,000 நீங்கி, இரு கல்லூரிக்கும் செலவு ரூ. 50,000 எனச் சமமாகும். அப்பொழுது பாடம், ஆசிரியர், நூல்நிலையம் ஆகியவற்றையே கருதித் தேர்ந்துகொள்ளலாம். ஒரு தட்டில் வைத்ததை மற்றொரு தட்டிலும் வைத்தே நிறுத்தல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும் விதி.

அடுத்து, கிடைக்கும் உதவியைக் கழித்தல் வேண்டும். அரசுப் பள்ளிகளிற் பயின்று உயர்கல்வி பயிலும் பெண்களுக்கு 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், ஆண்களுக்கு 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் திங்கள்தோறும் ரூ. 1,000 அளிக்கின்றன. இவ்வுதவி எக்கல்லூரிக்குச் சென்றாலும் உடன் வருவது. கல்லூரியே அளிக்கும் உபகாரச் சம்பளமோ அக்கல்லூரியோடு நின்றுவிடும். அது முதலாண்டிற்கு மட்டுமா, மூன்றாண்டிற்கும் உண்டா என்பதை வினவாது சேர்தல் தகாது. மேலும், கட்டணம் செலுத்தும் நாள் முந்தியும் உதவி வரும் நாள் பிந்தியும் அமைதல் உண்டு. அவ்விடைக்காலத்திலேதான் தாயின் நகை அடகுக்கடை செல்கின்றது. ஆதலின், எவ்வளவு என்பதோடு எப்பொழுது என்பதையும் குறித்துவைத்தல் நன்று.

கடனை உதவியோடு சேர்த்து எண்ணுதல் ஆகாது. அது நாளைக்கு ஒத்திவைத்த செலவே. படிக்குங் காலத்தில் தவணை கேளாவிடினும் வட்டி வளர்ந்துகொண்டே இருக்கும். தொடக்கத்திலேயே பெற்ற ரூ. 1,00,000-க்கு நூற்றுக்குப் பத்து வீதம் தனிவட்டி கணக்கிடினும், படிப்பு மூன்றாண்டும் அதன்மேல் ஓராண்டும் கழிய வட்டி மட்டும் ரூ. 40,000 ஆகும்.

இவையன்றி, எந்தப் பற்றுச்சீட்டிலும் காணப்படாத செலவு ஒன்று உண்டு. அஃது இழந்த ஊதியம். திங்களுக்கு ரூ. 10,000 ஈட்டக்கூடிய இளைஞன் மூன்றாண்டு படிப்பானாயின், அவன் குடும்பம் துறப்பது ரூ. 3,60,000. தேர்வில் தவறிப் பட்டம் ஓராண்டு தாழ்க்குமாயின், மேலும் ரூ. 1,20,000. தந்தையின் முதுகும், சில வீடுகளில் தங்கையின் படிப்புமே இத்தொகையைச் சுமக்கின்றன. வகுப்பறையில் வாளா கழியும் ஒரு நாளின் விலை யாதென்பதை இக்கணக்கு நமக்கு நன்கு உணர்த்தும்.

நண்பர்காள்! இங்குச் சேர்ந்தபின் உண்மையிற் செலவான தொகையை நம்மினும் நன்கறிந்தார் யாவர்? விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் காத்திருக்கும் தம்பி தங்கையர்க்கு அதனை ஒரு தாளில் எழுதிக் கொடுப்போமாக. பட்டம் பெற்று வெளிப்போந்த பெரியோர்கள், ஓர் ஏழை மாணவனின் ஒரு பருவத் தேர்வுக் கட்டணத்தையேனும் ஏற்பார்களாக. கணக்கறிந்து கல்லூரியிற் காலடி வைப்பவன் இடைவழியில் திரும்பிச் செல்லான்.