காண ஓர் ஊர், வாழ ஓர் ஊர்

செவிலியர் பணிக்குப் படித்த என் தமக்கை மகள், கனடாவுக்குப் பயணமாகுமுன் விடைபெறும் பொருட்டுப் புதுதில்லியில் உள்ள என் இல்லத்துக்கு வந்திருந்தாள். உணவருந்திக்கொண்டிருக்கையில், "மாமா, அந்த நாட்டிலே எந்த ஊர் நல்ல ஊர்?" என்று வினவினாள். நான் விரைந்து எழுந்து, வண்ணப் படங்கள் நிறைந்த புத்தகமொன்றை எடுத்து வந்து வான்கூவர் நகரின் படத்தைக் காட்டினேன். ஒருபுறம் கடல், மறுபுறம் பனி மூடிய மலைகள், இடையே கண்ணாடி மாளிகைகள். அவள் சிரித்துவிட்டு, "நான் ஊர் பார்க்கவா போகிறேன், பிழைக்கப் போகிறேனே!" என்றாள். அந்த ஒரு சொல் என்னைச் சிந்திக்க வைத்தது.

கனடா, பரப்பில் நம் நாட்டைப் போல் ஏறத்தாழ மும்மடங்கு பெரியது. மக்கள் தொகையோ 4 கோடியைச் சற்றே கடந்தது. அம்மக்களுள் மிகப் பெரும்பாலோர் தெற்கெல்லையை ஒட்டிய நகரங்களிலேயே வாழ்கின்றனர். டொரான்டோவிலிருந்து வான்கூவருக்கு வான்வழியே 3,300 கிலோமீட்டருக்கு மேல். இரண்டிடத்துக் கடிகாரங்களும் மணிக்கணக்கில் வேறுபடும். ஆதலின் 'கனடா எப்படி?' என்று கேட்பதைவிட, இன்ன நகரம் எப்படி என்று கேட்பதே பொருத்தமாகும்.

முதலில் குளிரைப் பார்ப்போம். ஜனவரித் திங்களின் சராசரி வெப்பநிலை வான்கூவரில் சுழிக்கு மேல் சுமார் 4 பாகை செல்சியஸ்; டொரான்டோவில் சுழிக்குக் கீழே 4 அல்லது 5; மான்ட்ரியாலில் 9 அல்லது 10; வின்னிபெக்கில் 16. இக்கணக்கை மட்டும் நோக்கினால் எவரும் வான்கூவருக்கே வாக்களிப்பர். ஆனால் அங்குக் குளிர்காலம் முழுவதும் மழை. நாட்கணக்கில் சூரியன் முகம் காட்டுவதில்லை. வின்னிபெக்கிலோ உறைபனிக்கு நடுவிலும் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். எது தாங்கற்கரியது என்பது அவரவர் மனத்தைப் பொறுத்தது.

காண்பதற்கு வான்கூவருக்கு இணை அரிது என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. நகரின் நடுவிலேயே, ஏறத்தாழ 1,000 ஏக்கர் பரப்பில், கடல் சூழ்ந்த ஸ்டான்லி பூங்கா இருக்கிறது. இந்தியராகிய நமக்கு அத்துறைமுகம் வேறொன்றையும் நினைவூட்டும். 1914ஆம் ஆண்டு மே மாதம் 'கோமகாதா மாரு' என்ற கப்பலில் நம் நாட்டினர் 376 பேர் அங்குச் சென்று சேர்ந்தனர். இரண்டு மாதங்கள் கப்பலிலேயே காக்க வைக்கப்பட்டபின், மிகச் சிலர் நீங்கலாக யாவரும் திருப்பி அனுப்பப்பட்டனர். 2016இல் கனடாப் பிரதமர் நாடாளுமன்றத்தில் இதற்காக முறைப்படி மன்னிப்புக் கோரினார். அன்று சட்டத்தால் மூடப்பட்ட நகரின் கதவு இன்று திறந்தே இருக்கிறது. ஆயினும் வீட்டு விலையும் வாடகையும் அக்கதவின் முன் காவல் நிற்கின்றன. நாட்டிலேயே இல்லம் அமைப்பதற்கு அதிகப் பொருள் வேண்டும் நகரங்களுள் அது முன்வரிசையில் உள்ளது.

டொரான்டோவைப் பற்றித் தமிழர்க்கு அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. 1983ஆம் ஆண்டு இலங்கையில் நிகழ்ந்த இனக்கலவரத்துக்குப்பின் அங்கிருந்து வெளியேறிய தமிழர் பெருந்தொகையினர் குடியேறிய நகரம் அது. ஸ்கார்பரோ பகுதியில் கடைகளின் பெயர்ப்பலகைகள் தமிழில் பேசும், முருங்கைக்காய் கிடைக்கும், கோயில் மணி கேட்கும். தனியே செல்லும் ஒரு பெண்ணுக்கு இது சிறிய ஆறுதலன்று. வேலை வாய்ப்பும் பல வகைப்படும். ஆனால் வாடகையோ ஊதியத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. பல குடும்பங்கள் நகரை விட்டு விலகிக் குடியிருந்து, நாள்தோறும் நெடுநேரத்தைப் பயணத்தில் செலவிடுகின்றன. காண வருவோரோ 553 மீட்டர் உயரமுள்ள சி. என். கோபுரத்தில் ஏறி, நயாகரா நீர்வீழ்ச்சிக்கும் சென்று மகிழ்ந்து, ஒரே வாரத்தில் ஊர் திரும்புவர். வாடகையின் சுமையை அவர்கள் அறியார்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, மான்ட்ரியாலின் மேல் ஒரு தனிப்பற்று உண்டு என்பதை மறைப்பானேன்? ஒரே தெருவில் பிரெஞ்சும் ஆங்கிலமும் மாறி மாறி ஒலிக்கும் மாநகரம் அது. வாடகை டொரான்டோவைவிடக் குறைவு. குளிரின் கடுமையை மறந்து நடந்து செல்லத் தரைக்கடியிலே பல கிலோமீட்டர் நீளத்துக்கு நடைவழிகள் உள்ளன. ஆனால் 1977ஆம் ஆண்டின் மொழிச் சட்டப்படி, அம்மாகாணத்தில் செவிலியராக உரிமம் பெற வேண்டுவோர்க்குப் போதிய பிரெஞ்சு அறிவு இன்றியமையாதது. என் தமக்கை மகளுக்கு அம்மொழியில் ஓர் எழுத்தும் தெரியாது. அதே மாகாணத்தில், 1608இல் நிறுவப்பட்டு இன்றும் கோட்டை மதில் சூழ விளங்கும் குவெபெக் நகரமும் கண்டு களிக்கத்தக்கதே. எனினும் மொழித் தடை அங்கு இன்னும் மிகுதி.

தலைநகராகிய ஆட்டவாவில் இருமொழியும் அறிந்தவர்க்கு அரசுப் பணி உண்டு. 1934இல் தோன்றிய மொழிபெயர்ப்புத் துறை ஒன்று அங்கு இயங்குகிறது. இது என் சொந்த ஆசை, விட்டுவிடுவோம். கால்கரியில் ராக்கி மலைகள் அருகில். ஆயினும் எண்ணெய் விலை ஏறியிறங்கும்போது அங்கு வேலையும் ஏறியிறங்கும்.

புறப்படுவோர் பலரும் கவனியாதது ஒன்றுண்டு. மருத்துவர், செவிலியர், ஆசிரியர், பொறியாளர் ஆகியோர்க்குத் தொழில் உரிமம் வழங்குவது நடுவணரசு அன்று. அந்தந்த மாகாணத்து அமைப்புகளே. நம் நாட்டுப் பட்டம் கையிலிருந்தாலும், மதிப்பீடும் தேர்வும் முடியும்வரை காத்திருக்க நேரும். ஊரைத் தேர்ந்தபின் உரிமத்தைப் பற்றி எண்ணுதல் முறையன்று. உரிமம் எங்கு, எத்தனை காலத்தில், எவ்வளவு செலவில் கிடைக்கும் என்று அறிந்தபின்பே ஊரைத் தேர வேண்டும். காத்திருக்கும் மாதங்களில் கைப்பொருள் கரையாத ஊர் எது என்பதும் அதனோடு சேர்ந்த கேள்வியே.

அவள் இறுதியில் தேர்ந்தது வின்னிபெக். நான் அந்நகரின் படத்தைப் புத்தகத்தில் தேடினேன். ஒரு பக்கமே இருந்தது, அதுவும் பனி மூடிய ஆறு. இப்பொழுது முதியோர் இல்லமொன்றில் உதவியாளராகப் பணிபுரிந்துகொண்டே உரிமத் தேர்வுக்குப் படிக்கிறாள். முதற் குளிர்காலத்தில் அவள் எழுதிய மடலில், மூச்சுவிட்டால் மூக்கினுள் பனி உறைகிறது என்றும், பேருந்துக்காக நிற்கும் பத்து நிமிடம் பத்து மணியாய் நீள்கிறது என்றும் எழுதியிருந்தாள். வாடகை போக மீந்ததில் அம்மாவுக்கு முதன்முறையாகப் பணம் அனுப்பியதையும் அடுத்த வரியில் தெரிவித்திருந்தாள். கோடையில் விடுமுறை கிடைத்தால் வான்கூவரைப் பார்த்து வருவாளாம்.